டெமோ மெஷினுக்கு ஒரு கேட் பாஸ்

தாம்பரம் மார்க்கெட்டில் மிக்ஸி விற்கிறவர் கடை வாசலில் நின்று தேங்காய்ச் சட்னி அரைத்துக் காட்டினால், அதற்குப் பெயர் டெமோ. ஐந்து நிமிடம் நிற்கலாம். பிடித்தால் வாங்கலாம், பிடிக்காவிட்டால் சட்னியை ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டு நம் வழியில் போகலாம். புற்றுநோய் ஆராய்ச்சி நடக்கிற இடத்தில் டெமோ என்றால் வேறு. அங்கே மிக்ஸி உங்களுடையது, சட்னி அவர்களுடையது. ஊரே வந்து இட்லி சாப்பிட்டு முடிக்கும்வரை நீங்கள் மிக்ஸிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு தை மாதத்திலிருந்து சித்திரை வரை ஆயிற்று.

சேலையூர் கேம்ப் ரோட்டில் பேட்டரி கடைக்கு மேலே ஒரு அறை, அதுதான் என் ஆபீஸ். லேப்களுக்கு மெஷின் விற்பது, விற்ற மெஷினைப் பார்த்துக்கொள்வது, இதுதான் தொழில். விற்பது நான். பார்த்துக்கொள்வது என் சர்வீஸ் இன்ஜினியர், பீர்க்கன்கரணைக்காரர். வேறு ஆள் கிடையாது. நான் படித்தது தபாலில் பி.காம். உயிரியல் பூராவும் கேட்டுக் கேட்டே வந்தது. லேபில் யாராவது ஒன்று சொல்லும்போது "அப்படின்னா என்ன?" என்று கூசாமல் கேட்டால் மனிதர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். அந்த ஒரு கேள்வியை வைத்தே இருபது வருஷம் ஓட்டிவிட்டேன்.

எங்களிடம் இருந்த பெரிய சரக்கு ஒன்றுதான். மும்பையில் ஒரு கம்பெனி தருகிற செல் எண்ணும் மெஷின். பெரிய மைக்ரோவேவ் அடுப்பு அளவில் மேஜைமேல் உட்காரும். நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த செல்களைத் திரவத்தில் மிதக்கவிட்டு, லேசர் வெளிச்சத்துக்கு முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, இது இந்த வகை, அது அந்த வகை என்று பிரித்து எண்ணிச் சொல்லும். அந்த ஏஜென்சியைத்தான் மும்பைக்காரர்கள் அந்த வருஷம் கயிறு மாதிரி இழுத்துப் பிடித்தார்கள். மார்ச் முடிவதற்குள் தென்சென்னைப் பக்கம் ஒரு மெஷினாவது போகவேண்டும், போகாவிட்டால் ஏஜென்சியைக் கிண்டியில் இருக்கிற பெரிய டீலருக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். ஏஜென்சி போனால் எங்களுக்கு மிஞ்சுவது ரப்பர் கையுறையும் பிளாஸ்டிக் டியூப்பும். அதை விற்று இன்ஜினியருக்குச் சம்பளம் தர முடியாது. இது அவருக்கும் தெரியும்.

நாங்கள் பிடித்த வாடிக்கையாளர் தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு பல்கலைக்கழக லேப். பெயர் வேண்டாம். அங்கே புற்றுநோய்ப் பிரிவை நடத்துகிற பேராசிரியர் தங்கமான மனிதர். யார் போனாலும் தானே எழுந்து நாற்காலி இழுத்துப் போடுவார். அவர் வாயில் எப்போதும் ஒரு வார்த்தை உண்டு: "ஆயிடும்." ஆர்டர் ஆயிடும், கையெழுத்து ஆயிடும், மார்ச்சுக்குள்ள ஆயிடும். எனக்கு முதலில் அந்த வார்த்தை ரொம்பப் பிடித்திருந்தது. பிறகுதான் உறைத்தது, ‘ஆயிடும்’ என்பதில் ஆக்குகிற ஆள் ஒருவரும் கிடையாது.

"உங்க மெஷின்தான் மேடம் எங்களுக்கு சரியா வரும். ஒரே ஒரு டெமோ மட்டும் பார்த்துடுவோம். ரெண்டு வாரம் போதும்" என்றார்.

பொங்கல் முடிந்ததும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். மேஜைமேல் வைத்து, மட்டம் பார்த்து, இன்ஜினியர் திரவக் குழாய்களை மாட்டி முடித்தார். துறை அலுவலகத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் சின்னக் கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமும் குழைத்துக்கொண்டு வந்தார்.

"யக்கா, இது டெமோ பீஸு. எடுத்துகினு பூடுவோம்" என்றார் இன்ஜினியர்.

"டெமோவா இருந்தா இன்னா? நம்ம வாசப்படி தாண்டி வந்துடுச்சில்ல? வெறும் நெத்தியா வுட்டா நல்லாவா கீது?" என்று சொல்லிக்கொண்டே மெஷினின் முன்பக்கத்தில் மூன்று பொட்டு பளிச்சென்று வைத்துவிட்டார். லென்ஸ் பக்கம் கை போகாமல் இன்ஜினியர் பெட்டியை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நின்றார். நான் சிரித்தேன். நல்ல சகுனம் என்றுகூட நினைத்தேன்.

முதல் வாரம் பேராசிரியரின் மாணவர்கள் வந்தார்கள். இரண்டாவது வாரம் மேல்மாடித் துறைக்காரர்கள் ஐஸ் பெட்டியோடு வந்தார்கள். மூன்றாவது வாரம் பக்கத்துக் கட்டிடத்திலிருந்து, யார் என்றே தெரியாத பிள்ளைகள் "அக்கா, இங்க டெமோ நடக்குதாமே" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். பேராசிரியரிடம் போனால் எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார். "இன்னும் கொஞ்சம் டேட்டா வந்தா கமிட்டிக்கு ஸ்ட்ராங்கா எழுதலாம் மேடம். ஆயிடும்."

மெஷினில் ஓடுகிற திரவம் எங்கள் செலவு. அடைப்பு எடுப்பது எங்கள் வேலை. மாசி பிறந்தும் வரிசை குறையவில்லை. ஒரு நாள் இன்ஜினியர் கையை உதறிக்கொண்டு வெளியே வந்தார்.

"யக்கா, இது டெமோ இல்ல. கல்யாண வூட்டுப் பந்தி. ஒரு வரிசை எழுந்திரிக்கறதுக்குள்ள அடுத்த வரிசை நாற்காலி பின்னாடி வந்து நின்னுகினு கீது."

"மொய் எழுதுவாங்களா, அத மட்டும் பாருங்க" என்றேன்.

"சாப்ட்டு கை கழுவிகினு போறவங்கதான் கண்ணுல படறாங்கோ. மொய் எழுதற டேபிளே காணோம்."

அந்த வரிசையில் எனக்குப் பிடித்துப்போன பெண் ஒருத்தி இருந்தாள். படப்பையிலிருந்து பஸ்ஸில் வருகிற ஆராய்ச்சி மாணவி. ஆபரேஷன் நடக்கிற ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து, வெட்டியெடுத்த கட்டியின் துண்டை ஐஸ் பெட்டியில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வருவாள். பெட்டிக்குள் என்ன என்று கேட்கிற கண்டக்டருக்கு "மீன்ணா" என்று சொல்வாளாம். "உண்மைய சொன்னா எறக்கி விட்ருவாங்க அக்கா." கேன்டீனில் என்னோடு டீ குடிக்கும்போதுதான் அதைச் சொன்னாள்.

"இதுல ரிசல்ட் சூப்பரா வருதுக்கா. போன வருஷம் இருந்த மெஷின் கொஞ்சம் ஸ்லோ" என்றாள் கூடவே.

"போன வருஷம் எந்த மெஷின்?"

"வேற ஒரு கம்பெனியோடது. அதுக்கு முந்தின வருஷம் இன்னொண்ணு. அது ஒரு மாசம்தான் இருந்துச்சு, அந்த சார் கோச்சிக்கிட்டு எடுத்துட்டுப் போயிட்டார். எனக்கு பாதி தீசிஸ் டெமோவுலயே முடிஞ்சிடுச்சுக்கா."

"அதெல்லாம் வாங்கவே இல்லையா?"

"வாங்கறதா?" என்று சிரித்தாள். கோயில் யானையைப் பார்த்து இதை ஏன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகவில்லை என்று நான் கேட்டுவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு. அதில் கள்ளம் எதுவும் இல்லை. அவள் சேர்ந்த நாளிலிருந்து மெஷின் என்பது அங்கே அப்படித்தான் வரும், இருக்கும், போகும்.

டீயை அப்படியே வைத்துவிட்டு பேராசிரியர் அறைக்குப் போனேன். அவர் நாற்காலி இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"சார், மூணு வருஷமா டெமோவுலயே லேப் நடத்தறீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நான் ஏமாத்தறேன்னு நினைக்கறீங்க. பணம் வந்து இருக்கு மேடம். செலவு பண்றதுக்குத்தான் விட மாட்டேங்கறாங்க. ஒவ்வொரு வருஷமும் ஃபைல் அனுப்பறேன். இது எதுக்கு, இருக்கறத வச்சு பண்ண முடியாதான்னு அக்கவுன்ட்ஸ்ல ஒரு கேள்வி எழுதித் திருப்பறாங்க. பதில் எழுதறதுக்குள்ள மார்ச் போயிடுது, பணம் திரும்பிப் போயிடுது. பசங்க அதுக்காக நிக்க முடியுமா? கட்டி காத்திருக்குமா?"

"எனக்கும் மார்ச்தான் சார்" என்றேன். ஏஜென்சி விஷயத்தை முழுக்கச் சொன்னேன். அவர் மேஜையிலிருந்த ஃபைலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, தானே அக்கவுன்ட்ஸ் ஆபீசரைப் போய்ப் பார்த்துப் பேசுகிறேன் என்றார். சொன்னபடி போகவும் செய்தார். அந்த வார்த்தையில் ‘ஆயிடும்’ இல்லை என்பதைக் கவனித்து எனக்கு நம்பிக்கையே வந்துவிட்டது.

மார்ச் நடுவில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "மேடம், நாளைக்கு நாலு மணிக்கு அக்கவுன்ட்ஸ் ஆபீசர் நேர்ல பார்க்க வரார். தேவைதான்னு அவர் ஒரு வரி எழுதிட்டா, அடுத்த வாரமே உங்களுக்கு ஆர்டர். ஆனா அவர் வரும்போது மேஜை காலியா இருக்கணும். நாளைக்குக் காலைல மெஷின எடுத்துடுங்க."

வாழ்க்கையில் ஒரு வாடிக்கையாளர் என் மெஷினை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி, நான் துள்ளிக் குதித்தது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் டெம்போவோடு போய் நின்றோம். இன்ஜினியர் குழாயைக் கழற்றக் குனிந்தபோது படப்பைப் பெண் ஓடிவந்தாள்.

"அண்ணா, கழட்டாதீங்க! அக்கா, ஒரே ஒரு சாம்பிள். இப்பதான் ஆபரேஷன் முடிஞ்சுதாம், பையன் வண்டில கொண்டுவந்துட்டு இருக்கான். இந்த மாதிரி கட்டி அபூர்வமாத்தான் வரும்க்கா. செல்லு உயிரோட இருக்கறப்பவே ஓட்டணும். இத விட்டா இன்னொண்ணு எப்ப வரும்னே தெரியாது."

டெம்போக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "எவ்ளோ நேரம்மா? எனக்கு படப்பைல லோடு கீது."

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. ஆபீசர் வருவது நாலு மணிக்கு. ஒரு சாம்பிளுக்கு எத்தனை நேரம் ஆகிவிடும்? அந்தக் கட்டி யாரோ ஒரு மனுஷியின் உடம்பில் இன்று காலைவரை இருந்தது. "ஓட்டிக்கோம்மா" என்றேன்.

சாம்பிள் பன்னிரண்டுக்கு வந்தது. அதை நறுக்கி, கரைத்து, வடிகட்டி, மருந்து போட்டு மெஷினில் வைக்கும்போது மணி ஒன்று. திரையில் பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு திரையையே பார்த்தாள். அப்போது கதவைத் திறந்துகொண்டு ஒருவர் உள்ளே வந்தார். கையில் பேனா, பின்னால் பேராசிரியர். பேராசிரியர் முகத்தில் ரத்தமே இல்லை.

"நாலு மணிக்கு ஆபீஸ் கார் கிடைக்காதுன்னாங்க. அதான் சாப்பிடறதுக்கு முன்னாடியே முடிச்சிடலாம்னு வந்துட்டேன்" என்றார் வந்தவர். அவர்தான் அக்கவுன்ட்ஸ் ஆபீசர். மெஷினைச் சுற்றி ஒரு வலம் வந்தார். "இதானே நீங்க வாங்கணும்னு கேட்ட மெஷின்?"

"ஆமா சார்" என்றார் பேராசிரியர்.

"இருக்கே."

"சார், அது டெமோ. எங்களோடது. இன்னைக்கு எடுத்துட்டுப் போறோம், வண்டிகூட கீழ நிக்குது" என்றேன்.

"டெமோன்னா ரெண்டு நாள் வைப்பாங்க. இது பொங்கல்லேர்ந்து ஓடுதுன்னு கீழ சொன்னாங்க." குனிந்து பார்த்தார். "பொட்டு வச்சிருக்கு. அடுத்தவங்க மெஷினுக்கு யாராவது பொட்டு வைப்பாங்களாம்மா?"

வைப்பார்கள் என்று எப்படி விளக்குவது? டெலிவரி சலானை எடுத்து நீட்டினேன். ‘திரும்ப எடுத்துச் செல்லும் பொருள்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பொறுமையாகப் படித்தார்.

"இது நீங்க எழுதினது. நாங்க எழுதினது எங்க?"

 பல்கலைக்கழகம் அப்படி எதையும் எழுதியிருக்கவில்லை. மூன்று வருஷமாக வந்துபோன எந்த மெஷினுக்கும் எழுதியதில்லை.

"அப்போ ரெண்டு விஷயம்" என்றார் ஆபீசர். "ஒண்ணு, மெஷின் ஏற்கெனவே லேப்ல இருக்கறதால புதுசா வாங்கத் தேவையில்ல. ரெண்டு, இருக்கற மெஷின் ஸ்டாக்குல ஏறல. அது தப்பு. முதல்ல ஏத்துங்க. யாருதுன்னு முடிவாகற வரைக்கும் இது கேட்டைத் தாண்டக் கூடாது."

"சார், என் மெஷின்!"

"உங்களதுன்னு நிரூபிச்சா உடனே பாஸ் தரச் சொல்றேன்மா. நான் என்ன சாப்பிடவா போறேன்?" அவர் மோசமான மனிதர் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பொதுச் சொத்து ஒன்று வெளியே போய்விடாமல் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு அவர் சாப்பிடப் போனார். மெஷின் தன்பாட்டுக்குப் புள்ளி போட்டுக்கொண்டே இருந்தது.

டெம்போக்காரர் காலி வண்டியைத் திருப்பும்போது ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "மேடம், அடுத்த தபா உங்க சாமான் உங்கள்துதானான்னு கேட்டுகினு வண்டி சொல்லுங்கோ."

அதற்குப் பிறகு நான் அந்த வளாகத்தில் நடந்த நடையை எண்ணவில்லை. மெஷின் தங்களுடையது, என் கம்பெனி வழியாக டெமோவுக்கு அனுப்பியது என்று மும்பையிலிருந்து கடிதம் வந்தது. கடிதத்தில் முத்திரை கறுப்பாக இருந்தது, இது ஜெராக்ஸ்தானே, ஒரிஜினல் எங்கே என்று கேட்டார்கள். ஒரிஜினல் வந்தது. இறக்குமதிச் சான்று கேட்டார்கள். ஒரு மேஜையில் "மேல போயிருக்கு" என்பார்கள், மேலே போனால் "கீழ அனுப்பிட்டோமே" என்பார்கள். மாடிப்படியில் எந்தத் திருப்பத்தில் என் ஃபைல் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பேராசிரியர் என்னோடு இரண்டு மூன்று முறை ஏறி இறங்கினார். பிறகு என்னைப் பார்க்கவே கூச்சப்பட்டார். அவருடைய ஃபைலும் அந்த வருஷத்துப் பணமும் போனது போனதுதான்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை நாளும் மெஷின் நிற்கவில்லை. வெளியே போகக் கூடாது என்றுதானே உத்தரவு, ஓடக் கூடாது என்று யார் சொன்னது? வரிசை முன்னைவிட நீண்டது. அடைப்பு எடுக்க இன்ஜினியரைக் கூப்பிட்டார்கள். அவரும் போனார்.

"ஏன் போறீங்க?" என்று கத்திவிட்டேன்.

"நம்ம மெஷின்க்கா. கண்டவன் கைய வுட்டு நோண்டினா லேசர் பூடும். அப்பால பாஸு வந்து இன்னா பிரயோஜனம்?"

மும்பை மேலாளருக்கு போன் போட்டுக் கெஞ்சினேன். நிலைமையைச் சொன்னேன். மெஷினை எடுக்கவே விடமாட்டேன் என்கிறார்கள், ஒரு மாதம் தவணை கொடுங்கள் என்றேன். அவர் சந்தோஷமாகிவிட்டார். "எடுக்கவே விடமாட்டேங்கறாங்கன்னா அவ்வளவு பிடிச்சிருக்குன்னு அர்த்தம். அப்புறம் ஆர்டர் எங்கே மேடம்?" போனை அணைத்தேன். கீழே பேட்டரி கடையில் யாரோ ஹாரன் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் மின்னஞ்சல் வந்தது. இத்தனை வருட ஒத்துழைப்புக்கு நன்றி, ஏஜென்சி கிண்டிக்கு மாறுகிறது, டெமோ மெஷினைப் புது டீலரிடம் ஒப்படைக்கவும். படித்துவிட்டு இன்ஜினியரிடம் நீட்டினேன். அவர் படிக்காமலே திருப்பித் தந்தார். "மூஞ்சியிலயே எழுதி ஒட்டிகினு கீதேக்கா."

லேபில் ஒப்படைக்கப் போன அன்று, அக்கவுன்ட்ஸ் அலுவலக வாசலிலேயே அங்கிருக்கும் கிளார்க் ஒருவர் என்னை மடக்கினார். "மேடம், ஆயிடுச்சு!" என்று கேட் பாஸை நீட்டினார். என் கம்பெனி பெயர், மெஷின் நம்பர், இரண்டு கையெழுத்து, வட்ட முத்திரை. நிஜமாகவே சந்தோஷப்பட்டுக் கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த மனிதரிடம் வேறு என்ன பேசுவது?

லேபில் கிண்டிக்காரர் எனக்கு முன்னால் வந்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, பளபளவென்று விசிட்டிங் கார்டு. பேராசிரியர் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டிருந்தார். நான் பாஸ்வேர்டையும் சாவியையும் கொடுத்தேன். இன்ஜினியர் ஒவ்வொரு குழாயையும் தொட்டுக்காட்டி, எதை எப்போது கழுவவேண்டும் என்று அவர்களுடைய ஆளுக்குச் சொன்னார். சொல்லிமுடித்து மேஜை ஓரத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்தார்.

கிண்டிக்காரர் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "மேடம், தொழில்ல இதெல்லாம் சகஜம், மனசுல வச்சுக்காதீங்க. மெஷின இங்கயே இன்னும் ரெண்டு வாரம் விட்டு வைக்கலாம்னு பார்க்கறேன். ப்ரொஃபசர் ரொம்ப இன்ட்ரெஸ்டா இருக்கார். ஆளுங்க எப்படி, வாங்குவாங்களா?"

"ஆளுங்க நல்லவங்க சார். வாங்க மாட்டாங்க" என்றேன். ஃபைல், மார்ச், ஸ்டாக், மூன்று வருஷம் மூன்று மெஷின் எல்லாவற்றையும் கோர்வையாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"கோபம் இருக்கத்தான் செய்யும் மேடம். உங்க இடத்துல நான் இருந்தாலும் இப்படித்தான் பேசுவேன்" என்று சொல்லிவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கைகூப்பினார்.

அவருக்குப் பின்னால் லேப் கதவு திறந்தது. படப்பைப் பெண் ஐஸ் பெட்டியோடு நின்றாள். என்னைப் பார்த்து ஒரு கணம் முகம் வாடினாள். பிறகு கிண்டிக்காரரிடம் திரும்பினாள். "அண்ணா, நீங்கதானே புது டெமோ? ஒரே ஒரு சாம்பிள் இருக்கு."

"தாராளமாம்மா" என்றார் அவர்.